மரநாய் வால் வைரலான கதை

ஒரு காட்டுல, அதுவும் டவர் நல்லா எடுக்குற காட்டுல, செவத்தான்னு ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. இரை பொறுக்கிட்டு வந்து பாத்தா, கூடையோட முட்டையக் காணோம்.

ஏட்டு கரடி வர்றதுக்குள்ள பாதிக் காடு வந்துருச்சு. களவு போன எடத்துல ஆளாளுக்கு செல்ஃபி.

"காலடித் தடம் எங்கம்மா?"ன்னுச்சு கரடி.

"அந்தா, யானை போஸ் குடுக்குதே, அது காலுக்குக் கீழதான்யா இருந்துச்சு"ன்னு அழுதுச்சு கோழி.

அதுக்குள்ள அணில் ஒரு போட்டோவ காட்டு குரூப்புல போட்டுச்சு. புதர்ல ஒரு வால் நுனி, ஒரே மங்கல். 'மரநாய் சடையன் வாலு மாதிரி இருக்கே?'ன்னு கேட்டுச்சு. அடுத்தவன் 'மாதிரி'ய எடுத்துட்டு அனுப்புனான். அதுக்கடுத்தவன் சடையனோட கல்யாண போட்டோவையும் சேத்து அனுப்புனான்.

சாயங்காலம் சடையன் ஏறி நின்ன மரத்தடியில காடே கூடிருச்சு.

"எறங்குடா திருட்டுப்பயலே!"

"அய்யா, நான் பழந்திங்கிறவன்யா! எம்புள்ளைங்க மேல சத்தியம்!"

அந்த நேரம் பாத்து உடும்பு லைவ்ல வந்துச்சு. "வணக்கம் சொந்தங்களே! இன்னிக்கு, கடிக்காம முட்டை முழுங்குறது எப்பிடின்னு பாப்போம்!"

காடே சடையன விட்டுட்டு செல்போனப் பாத்துச்சு. ஏட்டு கரடி ஹார்ட்டு விட்டுச்சு.

"யோவ் ஏட்டு! அது எங்கூடைய்யா! என் எறகு ஒட்டிருக்கு பாரு!"ன்னு கத்துச்சு செவத்தா.

உடும்பு மாட்டுச்சு. மிச்சமிருந்த ரெண்டு முட்டை தப்பிச்சுது. கரடி, 'எப்பிடிப் புடிச்சோம் பாத்தீங்களா'ன்னு ரீல்ஸ் போட்டுச்சு.

"ஏட்டய்யா, நான் திருடலன்னும் ஒரு வார்த்த போடுங்க"ன்னு கெஞ்சுச்சு சடையன். கரடியும் போட்டுச்சு. ஒருத்தனும் சீண்டல. பழைய போட்டோதான் பக்கத்துக் காடு வரைக்கும் ஓடுச்சு. ஓடையில தண்ணி குடிக்கப் போன சடையன் புள்ளைங்களக் கண்டு முயல்கூட தன் மூட்டைய இறுக்கிப் புடிச்சுது.

அணில் வந்துச்சு. "இப்பிடிச் சப்புன்னு போட்டா எவன் படிப்பான் மாமா? தலைப்புல காரம் வேணும். நான் பாத்துக்கறேன்."

போட்டுச்சு: 'அதிர்ச்சி! முட்டைக் கேஸ்ல மரநாய் சடையன் பத்தி பயங்கர உண்மை!' உள்ள தெறந்து படிச்சா, 'பாவம், அவன் ஒண்ணும் பண்ணல.'

காடு பூரா பறந்துச்சு. சடையனுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. அப்பத்தான் தூரத்துல தூசி கெளம்புச்சு. தலைப்ப மட்டும் படிச்சுட்டு மொத்தக் காடும் ஓடி வருது.

"எறங்குடா கீழ!"

நீதி: யோக்கியனா இருந்தாலும் மரம் ஏறக் கத்துக்க, தலைப்பப் படிச்சவன் ஓடி வருவான், உள்ள படிச்சவன் நடந்துதான் வருவான், அதுவும் வழியில செல்ஃபி எடுத்துக்கிட்டு.