பொட்டு வைத்த டிஃபரன்ஷியல்

கள்ளக்குறிச்சியில் ஸ்பேனர் சார் கை வைக்காத வண்டியே கிடையாது. அவர் கை வைத்த பிறகு மெக்கானிக்கிடம் போகாத வண்டியும் கிடையாது. எல்லாரும் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், அவர் ஸ்பேனர் வைத்திருப்பார். எங்கள் தெருவில் ஒரு துக்க வீட்டில் ஐஸ் பெட்டி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மாலையோடு வந்த மனுஷர், அழுதுகொண்டிருந்த பெண்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, குனிந்து நட்டை முறுக்கிவிட்டுத்தான் மாலையைப் போட்டார். சத்தம் நின்றதில் அழுகையும் ஒரு நிமிஷம் நின்றுபோனது.

வேலை என்னவோ ஜவ்வரிசி ஆலையில் சூப்பர்வைசர். உயிர் மட்டும் வாசலில் நின்ற பழைய வெள்ளைக் காரில். போன வருஷம் அந்தக் கார் கோமுகி அணைப் பக்கம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கியர்பாக்ஸ் போச்சு. பின்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரித் தொங்குமே, அந்த டிஃபரன்ஷியலும் போச்சு.

படுத்த நேரம்தான் கொடுமை. அவருடைய ஒரே மகள் செல்வி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழாம் மாசம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பஸ்ஸில் குலுங்கி வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பேசாமல் வாடகைக் கார் எடுங்கள் என்றேன்.

“சம்பந்தி வூட்ல அந்தக் காரா மலை ஏறும்னு சிரிச்சாங்களாம் சார். எங்கப்பா கார்லதான் வருவேன்னு எம் பொண்ணு சொல்லிட்டு ஒக்காந்துக்கினு இருக்குது. நான் இன்னா பண்றது?”



நாலு நாள் வாசல் முழுக்க கிரீஸ். வேப்பங்கிளையில் கயிறு கட்டி கியர்பாக்ஸை இறக்கினார். காயலாங்கடையில் பொறுக்கிய பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ரசப் பாத்திரத்தைத் தேடி வந்த அவர் சம்சாரம், அது எங்கே இருக்கிறது என்று பார்த்ததும் ரசமே வைக்கவில்லை. எனக்கு டார்ச் பிடிக்கும் உத்தியோகம். வெளிச்சம் ஒரு விரற்கடை நகர்ந்தால் திட்டு. என் சொந்த ஆபீஸில்கூட நான் அவ்வளவு திட்டு வாங்கியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டிஃபரன்ஷியல் தயார். பூஜை போடாமல் எதையும் மாட்ட மாட்டார். பலகையில் வைத்து, கற்பூரம் காட்டி, கிரீஸ் இல்லாத இடமாகப் பார்த்து அந்தம்மா பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்துத் தூக்கினோம். பொருத்துகிற நேரத்தில் மனுஷர் நிறுத்திவிட்டார். பொட்டு கீழ்ப்பக்கம் இருந்தது.

இருந்துவிட்டுப் போகட்டும், வண்டிக்கு அடியில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நான் முனகினேன். கை கழன்றுவிடும்போல இருந்தது.

“எம் பொண்ணு வர்ற வண்டி சார். சாமி தலகீழாவா வரும்?”

பொட்டு மேலே வரும்படி திருப்பினோம். பாழாய்ப்போன போல்ட் ஓட்டைகள் சுற்றிலும் ஒரே மாதிரி. மறு பேச்சில்லாமல் பொருந்திக்கொண்டது.

ஞாயிறு விடிந்ததும் எலுமிச்சம்பழம் வைத்து முதல் கியர் போட்டார். வண்டி பின்னால் பாய்ந்து தண்ணீர் டிரம்மைச் சாய்த்தது. இரண்டாவது போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. யோசித்துவிட்டு ரிவர்ஸ் போட்டார். மரியாதையாக முன்னால் நகர்ந்தது. டிஃபரன்ஷியல் தலைகீழாக உட்கார்ந்ததால் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் சுற்றின. கழற்றி மாட்ட இன்னொரு நாள் வேண்டும். வளைகாப்போ பதினொரு மணிக்கு.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே தடவிக்கொண்டிருந்தார்.

“முன்னால போவுது இல்ல சார்? அது போதும். ஏறுங்க.”

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும் ரிவர்ஸ் கியரிலேயே முன்னால் போன ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். எஞ்சின் வீல் வீலென்று கத்தியது. கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் சைக்கிள்காரர்களெல்லாம் முந்திவிட்டார்கள். மொபெட்டில் வந்த பால்காரர் கூடவே ஓட்டியபடி வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். மலையில் வளைவுக்கு வளைவு நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். பின்சீட்டில் அந்தம்மா வளையல் தட்டையும் சித்ரான்னக் கூடையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார். பின்னால் உருள நாலு கியர், முன்னால் ஏற ஒன்றே ஒன்று. எனக்கும் சில சாமிகள் ஞாபகம் வந்தன.

போய்ச் சேரும்போது பதினொன்றரை. பந்தலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. செல்வி மாலையோடு மணையில் இருந்தாள், இரண்டு கையும் வெறுங்கை. எங்கள் சத்தம் அரைமணி நேரமாக மலையில் கேட்டிருக்கிறது. அப்பா வந்துக்கினு இருக்காரு, அவர் வந்தாத்தான் வளையல் என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாளாம்.

இறங்கும்போதும் அதே கியர்தான். பின்னால் வரிசையாக வண்டிகள் ஹாரன் அடித்தன. ஸ்பேனர் சார் கண்ணாடியில் மகளைப் பார்த்து, மெதுவாத்தான் போவும்மா, தப்பா நெனச்சிக்காத என்றார். வேர்த்துப்போயிருந்தார்.

“மெதுவாவே போப்பா. வூட்டுக்குப் போயிட்டா நீ வண்டிக்கு அடியில பூந்துக்குவ. அப்புறம் நான் ஒன் காலைத்தான பாத்துக்கினு இருக்கணும்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹாரன் அடித்தவர்களையெல்லாம் முந்திப் போகச் சொல்லி நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக்கொண்டே வந்தேன். அந்த மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் வீடு வந்து சேர அவசரமில்லை.