சிரம்பான் தையல் இயந்திரம் பற்றிய விளக்கம்

காஜா பேராங்,
மலாக்கா.
8-8-2603 (ஜப்பானியக் கணக்குப்படி)

மதிப்பிற்குரிய மச்சான் பொன்னுதுரை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சிவகாமசுந்தரியின் கணவன் கலியாணசுந்தரம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் சுகம். அங்கே தாங்களும் அக்காளும் தங்கள் மகன் நடராஜனும் அதே கிழங்கைத் தின்று அதே சுகத்தோடு இருக்க முருகன் துணை செய்வானாக. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கருவாடு வாங்க சிரம்பானுக்குப் புறப்படும் ஷம்சுதீன் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். இருபத்திரண்டு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தியவன் தபாலுக்குப் பயப்படுகிறானே என்று சிரிக்காதீர்கள். படித்து முடித்தால் தங்களுக்கே விளங்கும்.

எங்கள் மகள் சந்திரமதியைச் செமாபோக்கில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்த்தது தங்களுக்குத் தெரியும். ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டு ஆசிரியையாகிவிட்டால் வயசுப்பெண்ணை யாரும் எதற்கும் இழுத்துப் போக மாட்டார்கள் என்று நினைத்துத்தான், வீட்டுக்கு ஒரே பிள்ளையை விடுதியில் விட்டேன். சேர்த்த அன்று விடுதிக் காப்பாளர் சாரதாம்பாள் அம்மாள் விதிகளை வாசித்துக் காட்டினார். வெளியே போனால் நால்வராகத்தான் போகவேண்டும், சனிக்கிழமை தோறும் பெட்டியைத் திறந்து காட்டவேண்டும், பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பார்க்கலாம், அப்போதும் அம்மாள் நடுவில் உட்கார்ந்திருப்பார், போகிற வருகிற கடிதம் அத்தனையையும் அவர் படித்த பிறகுதான் மற்றவர்கள் படிக்கலாம். எனக்கு ஆனந்தமாகிவிட்டது. "கடுதாசிய ஒரு தடவ படிச்சா போதுமா அம்மா, ரெண்டு தடவ படிங்களேன்" என்றுகூடச் சொன்னேன். சந்திரமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் புரிந்தது.

போன மாதம் நம் நடராஜனுக்கு அவளைக் கொடுப்பது பற்றித் தாங்கள் எழுதினீர்கள் அல்லவா, அவள் சம்மதத்தைக் கேட்காமல் பதில் எழுதக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் எப்படிக் கேட்பது. ஞாயிற்றுக்கிழமை கேட்டால் அம்மாள் நடுவில் இருக்கிறார். கடிதத்தில் கேட்டால் அவர் முதலில் படிப்பார், மாலைக்குள் விடுதியே கேலி செய்யும், பிள்ளை வெட்கப்பட்டு அழுதுவிடுவாள். ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். அந்தக் கடிதத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் பிறகு அதை என் முன்னால் நாலு தடவை வாசித்தார்கள். "சிரம்பான் மாமா வீட்டுத் தையல் இயந்திரம் நம் வீட்டுக்கு வருவதாக இருக்கிறது. நல்ல இரும்பு. சில சமயம் சத்தம் போடும், ஆனால் வெளியே கேட்காது. யாருக்கும் தெரியவேண்டாம். உனக்குச் சம்மதமானால் நூல் இருக்கிறது என்று மட்டும் எழுது."

மச்சான், எழுதும்போது அது எனக்கு மிக நேர்த்தியாகப் பட்டது.

நாலாம் நாள் கல்லூரித் தலைவர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. சத்தம் போடும், வெளியே கேட்காது, யாருக்கும் தெரியவேண்டாம் என்றால் அது ஒளித்து வைத்த ரேடியோதான் என்று கல்லூரியில் எழுதிவைத்திருக்கிறார்களாம். ரேடியோ வைத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நான் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தங்கள் தங்கை ஒரு துண்டில் மாற்று வேட்டியும் இரண்டு அவித்த கிழங்கும் கட்டிக் கையில் கொடுத்தாள். சைக்கிளுக்கு டயர் இல்லாததால் செமாபோக் வரைக்கும் நடந்தே போனேன். அந்த மூட்டை அவ்வளவு கனமாக இருந்தது.

தலைவர் குள்ளமான ஜப்பானியர், மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குனிந்து வணங்கினேன், பயத்தில் நிமிர மறந்துவிட்டேன். சாரதாம்பாள் அம்மாள் ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், விதிப்படி கடிதத்தைக் கொடுத்தவர் அவர்தான். அவருக்குத் தமிழ் தெரியும், ஜப்பானிய மொழி தெரியாது. தலைவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டும் நன்றாகத் தெரிந்த மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். யார் வந்தாள் என்று நினைக்கிறீர்கள், நம் சந்திரமதிதான். வகுப்பில் அவள்தான் முதல் மாணவியாம்.

அம்மாள் மூன்று தடவை உரக்க வாசித்த கடிதத்தை அவளும் வாங்கி ஒரு தடவை வாசித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலைவரிடம் நெடுநேரம் ஏதோ சொன்னாள், அதில் 'நடராஜன்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அப்பா, மிஷினுக்கு என்ன வயசுன்னு கேக்குறாரு."

"இருபத்தாறு."

"என்ன வேல செய்யிதாம்?"

"ரயில்வே ஸ்டோர்ல கிராணி, கணக்கு எழுதுற வேல."

"ஏன் பொய் எழுதினீங்கன்னு கேக்குறாரு."

"பிள்ள வெட்கப்படும்னுதான் ஐயா."

"வெட்கம் உங்களுக்குத்தான்ப்பா. அப்படியே சொல்லிட்டேன்" என்றாள்.

தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை மூடி வைத்தார். படிப்பு முடியும்வரை எந்த மாணவிக்கும் கல்யாணம் கிடையாது, இனிமேல் கல்யாணம் என்றால் கல்யாணம் என்றே எழுதவேண்டும் என்று உத்தரவிட்டார். அதோடு விட்டாரா, உனக்கு இந்த மாப்பிள்ளை சம்மதமா என்று அவளையே கேட்டுவிட்டார். சந்திரமதி முறைப்படி குனிந்து வணங்கி ஏதோ பதில் சொன்னாள். பிறகு அவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டிவிட்டார்.

வாசல் வரை வந்தவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "பெட்டியப் பாருங்க, கடுதாசியப் படிங்க, இது மட்டும் என் சொந்த விஷயம், ஆபீசுல சொல்லமாட்டேன்னு சொன்னேன்." அவள் முன்னால் கண் கலங்கக் கூடாது என்று கிழங்கு மூட்டையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தேன்.

ஆகவே மச்சான், சம்மதம் என்றால் அங்கேயே சொல்லியிருப்பாள். சொல்லாததால் அவளுக்கு மனமில்லை என்றே கொள்கிறேன். நடராஜன் தங்கமான பிள்ளை, அவனைக் காக்க வைப்பது பாவம். வேறு நல்ல இடம் பாருங்கள். இதனால் நம் உறவில் ஒரு நூலளவும் விரிசல் வரக்கூடாது. அக்காளுக்கு என் நமஸ்காரம், நடராஜனுக்கு என் ஆசீர்வாதம், அரிசி கண்ணில் படுகிற நாளில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார ஆண்டவன் அருள்வானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கலியாணசுந்தரம்

பி.கு.: ஷம்சுதீன் பாய் வாசலில் காத்திருக்க, இதைத் தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டவள், "அவளுக்கு மனமில்லைன்னு எழுதின அந்தக் கடைசிப் பக்கத்தக் கிழிச்சிடுங்க. போன வருசம் அவங்க இங்க வந்தப்பவே பிள்ளைங்க ரெண்டும் கட்டிக்கிறதுன்னு பேசி முடிச்சாச்சு. எனக்கும் தெரியும், எங்க அண்ணனுக்கும் தெரியும். ஊருக்காகத்தான் உங்களக் கேட்டு எழுதினாரு" என்றாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க யாருக்காவது எழுதிருவீங்கன்னுதான்" என்கிறாள். காகிதம் கிடைக்காத காலம், கிழிக்க மனம் வரவில்லை. தாங்களே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். கல்யாணத் தேதியை மட்டும் தயவுசெய்து எனக்கும் தெரியப்படுத்துங்கள்.