பகாவிலிருந்து லிங்கி வரை பத்திரம் அண்ணன்

மலாயாவில் பத்திரம் அண்ணனைவிட ஜாக்கிரதையான மனிதர் பிறந்ததில்லை. இனிமேல் பிறக்கவும் வாய்ப்பில்லை. அப்படிப்பட்டவர் வெளியே என்ன நிலவரம் என்று விசாரித்துவிட்டு, தாய் வயிற்றிலேயே தங்கிவிடுவார்.

லிங்கிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீஸில் கணக்கெழுதும் இரண்டாவது கிராணி. அவர் தபால்காரர். தினம் காலையில் சைக்கிளில் டவுனுக்குப் போய்த் தோட்டத்துக் கடிதப் பையை வாங்கி வருவார். யாரிடம் விடைபெற்றாலும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லமாட்டார். “பத்திரம்” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கோயிலுக்குப் போகிறவரிடமும் சொல்வார், கொல்லைக்குப் போகிறவரிடமும் சொல்வார். பெயரே அதுவாகிவிட்டது.

சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் ஸீட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். துரை பங்களாவில் கடிதம் கொடுக்கப் போகும்போதும் கக்கத்தில் ஸீட்டு இருக்கும். புதிதாக வந்த துரை ஒருவர் அதை ஏதோ காணிக்கை என்று நினைத்துக் கை நீட்டி வாங்கப்போக, அண்ணன் இரண்டடி பின்வாங்கினாராம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் மற்றதை மேற்கு மூலையிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவனும் எடுக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. எவனும் எடுக்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் இரண்டாவதை எங்கே விட்டோம் என்பது அவருக்கே மறந்துபோய், பூஜை முடிந்தபின் பாதித் தோட்டம் அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

குடை விஷயம் இன்னும் விசேஷம். புதுக் குடை வாங்கிய அன்றே கத்திரிக்கோலால் ஏழு ஓட்டை போட்டுவிட்டார். ஓட்டைக் குடை திருட்டுப் போகாதல்லவா? ஒரு நாள் மழையில் சொட்டச் சொட்ட ஆபீஸ் வாசலில் வந்து நின்றவரிடம், குடை பிடித்தும் நனைந்திருக்கிறீர்களே என்று கேட்டேன். “நனைஞ்சா காஞ்சிரும் கிராணி ஐயா. குடை போனா வருமா?” என்றார்.

இப்படி இருக்கும்போது ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார். தபால் நின்றது. பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றது. கரி வாயுவில் ஓடும் லாரி எப்போதாவது ஒன்று, ஏற்றம் வந்தால் அதை நாம்தான் தள்ள வேண்டும். பாலத்துக்குப் பாலம் துப்பாக்கியும் கையுமாக ஜப்பான் சிப்பாய் நிற்பான், இறங்கிக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போகவேண்டும். கைக்கடிகாரம் கட்டியிருந்தால் அது அவன் கைக்குப் போகும். ஊரெல்லாம் பயந்து நடுங்கிய அந்தக் காலத்தில் பத்திரம் அண்ணனுக்கு மட்டும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இத்தனை வருஷமாக அவர் சொல்லிவந்த நிலைமைக்கு உலகம் வந்து சேர்ந்துவிட்டதல்லவா? வெளியூர் போகவேண்டியவர்கள் அவரைத் துணைக்கு அழைக்க ஆரம்பித்தார்கள்.

நானும் அழைத்தேன். என் மனைவி கனகம் தலைப்பிரசவத்துக்குப் பகாவ் பக்கம் தன் தாய்வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்து நாலு மாதம். போக்குவரத்து நின்றதால் நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார்: அரிசி இல்லை, கூலிக்காரர் லயத்துக்கு லயம் காய்ச்சல், கனகத்தின் அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், உடனே வந்து கூட்டிப் போகவும்.

சயாமுக்குப் போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வந்திருக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நல்ல உடம்பு. பத்திரம் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த உடம்போடு ரோட்டில் நடக்கக்கூடாது என்றார். ஒரு வாரம் சவரம் செய்யவிடவில்லை. தலைக்கு எண்ணெய் கூடாது. கூன் போட்டு நடந்து பழகச் சொன்னார். ஆபீஸ் வராந்தாவில் நான் கூனிக் கூனி நடப்பதைப் பார்த்துப் பெரிய கிராணி மருந்து கொடுத்தனுப்பினார். வழிக்கு வேறு சட்டங்கள் இருந்தன. முன்னாலும் போகக்கூடாது, கடைசியாகவும் வரக்கூடாது. கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமான சட்டம், ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர் திரும்பிப் பார்க்காமல் சாமானோடு நடந்துகொண்டே இருக்கவேண்டும். ஒருத்தனுக்காக எல்லாரும் மாட்டுவதில் லாபமில்லை என்று இதைமட்டும் மூன்று தடவை சொன்னார்.

போகும் வழியில் ஒன்றும் நடக்கவில்லை. பகாவ் போய்ச் சேர்ந்து மகளைக் கையில் வாங்கினேன். என் தாடியைப் பார்த்து வீறிட்டு அழுதாள். கனகம் எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள், அவளுடைய கை தையல் மிஷின் இல்லாமல் வரமாட்டாள். அந்தக் காலத்தில் துணி கிடைக்காது, சாக்கைக் கிழித்துத் தைத்துத்தான் உடுத்தினோம். தையல் மிஷின் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. பத்திரம் அண்ணன் திட்டுவார் என்று பயந்தேன். மாறாக அவர் கண் பளபளத்தது. கடைசியில் அவருக்கு மறைக்கத் தகுந்த ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

ஒரு முழுப்பகல் அந்த மிஷினைக் கட்டினார். முதலில் கிழிந்த பாய், அதன்மேல் சாக்கு, சாக்கின் வாய்வரை மரவள்ளிக்கிழங்கு. பிறகு எங்கிருந்தோ ஒரு கட்டி பெலாச்சான் வாங்கி வந்து, அந்த இறால் ஊறலை மூட்டை முழுக்கப் பூசினார். மூக்குள்ளவன் கிட்டே வரமாட்டான் என்றார். எங்களுக்கும் மூக்கு இருப்பதை அவர் யோசிக்கவில்லை. மூட்டையைச் சைக்கிளின் பின்னால் கட்டி அவர் தள்ள, நாங்கள் நடந்தோம். குழந்தையைக்கூட அவர் சாமான் கணக்கில்தான் சேர்த்திருந்தார். மைலுக்கு ஒரு தடவை எண்ணிப் பார்ப்பார்: மூட்டை ஒன்று, சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று, குடை ஒன்று, பிள்ளை ஒன்று.

கோலப்பிலாவுக்கு இப்பால் பசி வந்தது. பொட்டலத்தை அவிழ்க்க உட்கார்ந்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே பிடிபடவில்லை. கயிற்றை அறுத்துவிடலாம் என்றேன். கயிறு கிடைக்காத காலம் என்று மறுத்துவிட்டார். அரை மணி நேரம் பல்லாலும் நகத்தாலும் போராடினார். பிறகு மூட்டையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துச் சுள்ளி மூட்டிச் சுட்டுக் கொடுத்தார். அது பாதி வெந்தது, பாதி வேகவில்லை. நான் பசியில் இரண்டு பங்கு தின்றேன்.

அடுத்த பாலத்தில் சிப்பாய் நின்றான். குனிந்து வணங்கினோம். அவன் மூட்டை அருகே வந்து மோந்து பார்த்தான். முகத்தைச் சுளிக்கவில்லை, சிரித்தான். பாவம், அவனும் பசித்தவன். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழங்கை ஒன்றொன்றாக எடுத்து வெளியே வைத்தான். அடுத்த கிழங்கில் அவன் கை வைத்தால் மிஷினின் சக்கரம் தெரிந்துவிடும். அண்ணனின் உதடு மட்டும் அசைந்தது, அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் மகள் அழுதாள். சிப்பாய் திரும்பி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்கும் எங்கேயோ ஒன்று இருந்திருக்கவேண்டும். எடுத்ததில் பெரிய கிழங்கு ஒன்றைக் கனகத்தின் கையில் கொடுத்துவிட்டு, “ஜாலான், ஜாலான்” என்று போகச் சொல்லிக் கைகாட்டினான்.

நூறு கஜம் தாண்டியபின் அண்ணன் வாயைத் திறந்தார். “பெலாச்சான் சரியில்ல. மணக்குதுலா” என்றார்.

மறுநாள் புக்கிட் புத்துஸ் மலை இறக்கத்தில், காலை பத்து மணி இருக்கும், நான் ஒரு தப்புச் செய்தேன். இறக்கம் என்பதால் மூட்டையின் கனம் சைக்கிளை இழுத்துக்கொண்டு போக, அண்ணன் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். கனகத்துக்குக் கால் வலி, பின்தங்கினாள். நான் கூனை மறந்து நிமிர்ந்து, நடு ரோட்டில் தனியாக நடந்தேன். வளைவில் ஒரு லாரி நின்றது. அதில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு ஆண்கள், எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

ஒரு சிப்பாயும் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளன் ஒருவனும் என்னைப் பிடித்தார்கள். தோட்டத்து அடையாளச் சீட்டைக் காட்டினேன். முத்திரை பழசு என்றான் மொழிபெயர்ப்பாளன். ஏறு என்றான். கனகம் குழந்தையோடு ஓடி வந்து ரோட்டோரத்தில் நின்றுவிட்டாள். தன் கூடப்பிறந்த அண்ணனை லாரியில் ஏற்றியபோதும் அப்படித்தான் நின்றிருப்பாள்.

லாரியின் பின்பலகையில் ஒரு காலை வைத்தேன். கீழே ரோடு தெரிந்தது. தூரத்தில் ஒரு மரத்தடியில் மூட்டையை இறக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார் பத்திரம் அண்ணன். எழுந்து எங்களைப் பார்த்தார். சட்டப்படி அவர் நடந்து போயிருக்கவேண்டும். போகட்டும், கனகமாவது அவரோடு போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஓடி வந்தார். மேட்டை நோக்கி, நாற்பது வயதுத் தொப்பையோடு, சைக்கிளையும் மூட்டையையும் அப்படியே விட்டுவிட்டு. வந்த வேகத்தில் மொழிபெயர்ப்பாளனின் கையைப் பிடித்து அப்பால் இழுத்தார்.

“தொடாதீங்க ஐயா. இவனுக்கு வாந்திபேதி. நேத்து எங்க லயத்துல ரெண்டு பேரு போயிட்டாங்க. இவன் மூணாவது.”

மொழிபெயர்ப்பாளன் நம்பவில்லை. ஆள் நன்றாகத்தானே இருக்கிறான் என்றான். நான் எதையும் திட்டமிடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். காலையிலும் தின்ற வேகாத கிழங்கு, வெயில், பயம் எல்லாம் சேர்ந்ததில் பின்பலகையிலேயே வாந்தி எடுத்தேன். அதில் கொஞ்சம் சிப்பாயின் பூட்ஸிலும் பட்டது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. லாரியில் இருந்தவர்கள் மூலைக்கு ஒதுங்க, சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என்னைக் கீழே தள்ளினான். லாரி கிளம்பிப் போனது. அதில் இருந்த முகங்கள் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

மரத்தடிக்குப் போனோம். மூட்டை இருந்தது. சைக்கிள் இல்லை.

பத்திரம் அண்ணன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். அதுவரை கிராணி ஐயா என்றே கூப்பிட்டவர். “ஏன்டா, நடுவுல நடன்னு சொன்னேனா இல்லையா? அந்தப் புள்ள முகத்த இப்பத்தானடா பாத்த? இவங்கள விட்டுட்டு எங்க போகப் பாத்த?” என்றார். சிரம்பான் வரை திட்டினார். சிரம்பானில் தண்ணீர் குடித்துவிட்டு ரந்தாவ் வரை திட்டினார். நான் இரண்டு தடவை சைக்கிளைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் காது கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், வாசலில் மூட்டையை இறக்கி, கனகத்திடம் மிஷினைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். ஓடியது. சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை முடிந்து பஸ் ஓட ஆரம்பித்ததும் சிரம்பான்–போர்ட்டிக்சன் தடத்தில் கண்டக்டராகச் சேர்ந்தார். இறங்குகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, வரும்போது கையில் என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று கேட்பார். அந்த பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அதில் யாரும் ஒருநாளும் ஒன்றையும் தொலைத்ததுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். என் மகளுக்கு ரோடு தாண்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதற்கு ஆறு மாதம் ஆயிற்று.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பத்திரிகையில் போட அவருடைய முழுப்பெயரைக் கேட்டேன். பெயரை எதற்கு ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுக்கவேண்டும் என்று மறுத்துவிட்டார். அச்சுக்கூடத்தில் ‘பத்திரம்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அச்சுக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு, இவர் பெண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டார்.

பெரியப்பா என்று போடச் சொன்னேன்.