பல்வலிக்கு ஒரு மன்றாட்டு

பல் டாக்டரைப் பார்த்தால் குழந்தைகளுக்குத் தானாகவே பயம் வரும் என்கிறார்கள். அதெல்லாம் சும்மா. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது பொறுமையாக ஊட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் புண்ணிய காரியத்தைச் செய்தவள் நான்.

என் மகள் ஜெனி அப்போது இரண்டாம் வகுப்பு. கடைவாய்ப் பால்பல் ஒன்று சொத்தையாகி, கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. மந்தைவெளி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, "வீக்கம் வடியட்டும், சனிக்கிழமை எடுத்துடலாம். தள்ளிப் போடாதீங்க, அடியில வளர்ற பல்லையும் கெடுத்துடும்" என்றார். ஜெனி அலட்டிக்கொள்ளவே இல்லை. எடுத்த பல்லை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று மட்டும் கேட்டாள்.

அலட்டிக்கொண்டவள் நான். (தெருவில் பல் டாக்டர் போர்டு தெரிந்தால் எதிர்ப் பக்கத்துக்கு மாறி நடக்கிற ரகம்.) சாந்தோமில் எங்கள் குடும்பத்துக்குப் பயம் வந்தால் ஜெபம்தான். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருக்காரர்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். ஒருவர் தன் கவலையை மன்றாட்டாகச் சொல்ல, மற்றவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். என் முறை வந்தது.

"நாளை மருத்துவரின் கையில் ஒப்படைக்கப்படும் எங்கள் ஒரே மகளை..." என்று தொடங்கினேன். மீதியைச் சொல்லாமல் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். என்ன வியாதி என்று நான் சொல்லவில்லை. கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொருவராக வந்து ஜெனியின் நெற்றியில் சிலுவை போட்டார்கள். எதிர்வீட்டு அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

எல்லோரும் போன பிறகு ஜெனி கேட்டாள்.

"அம்மா, மாடி வீட்டு லாரன்ஸ் அங்கிளுக்கும் இப்படித்தானே ஜெபிச்சோம்?"

"ஆமாடா கண்ணு."

"அப்புறம் அவரைப் பொட்டியில வெச்சுத்தானே தூக்கிட்டுப் போனாங்க?"

என் கணவர் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்தார். "நல்லா பண்ணே ஸ்டெல்லா" என்றார்.

நான் உடனே தேற்றினேன். "சேச்சே, உனக்கு ஒண்ணும் ஆகாது. ஊசி எறும்பு கடிக்கிற மாதிரிதான். துளிகூட வலிக்காது. ரத்தம்கூட நிறைய வராது." ஊசி, ரத்தம் என்கிற பேச்சே அதுவரை அந்த வீட்டில் எழவில்லை.

சனிக்கிழமை ஜெனி ஆட்டோவை விட்டு இறங்க மறுத்தாள். கம்பியைக் கட்டிக்கொண்டு, "நான் சாக மாட்டேன்!" என்று அலறினாள். ஆட்டோக்காரர் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஒருவழியாக நானும் கணவரும் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று, "பாரு, அம்மா உட்கார்றேன்" என்று நானே அந்த நாற்காலியில் ஏறிப் படுத்தேன். விளக்கு எரிந்தது. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை மட்டும்தான் வாய்க்குள் விட்டார். நான் "மாதாவே!" என்று கத்தி வாயை மூடினேன். மூடும்போது அவர் விரல் உள்ளே இருந்தது.

அந்தப் புண்ணியவதி கோபப்படவில்லை. விரலை உதறிக்கொண்டே, "மேடம், நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க. பாப்பா மட்டும் போதும்" என்றார்.

வெளியே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கணவர் நல்ல மனிதர். நான்கு நாற்காலி தள்ளிப் போய், யாரோ போல உட்கார்ந்துகொண்டார். கன்னத்தில் துண்டு கட்டியிருந்த மீன்கார அம்மா ஒருவர் என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"இன்னாமா, உள்ள யாரு? இன்னா ஆப்ரேசன்?"

"என் பொண்ணு. பல்லு எடுக்கிறாங்க."

"அட ச்சீ! பல்லுக்கா இம்மாம் அழுவ? எவனோ பூட்டான்னு நெனச்சி நானும் அழுதுக்கினு கீறேன்!"

கதவு திறந்தது. ஜெனி பஞ்சைக் கடித்தபடி, பல்லை ஒரு சின்ன கவரில் போட்டுக்கொண்டு, தானே நடந்து வந்தாள். நான் பாய்ந்தேன்.

"வலிச்சுதா கண்ணு?"

"வலிச்சுது. கொஞ்சம் வலிக்கும்னு ஆண்ட்டி முன்னாடியே சொல்லிட்டாங்க. வலிச்சா கையைத் தூக்கு, நிறுத்திடறேன்னாங்க. தூக்கினேன், நிறுத்திட்டாங்க." பஞ்சை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். "நீதாம்மா வலிக்காதுன்னு பொய் சொன்னே."

எனக்குச் சுருக்கென்றது. குனிந்து அவள் செருப்பை மாட்டிவிட்டேன்.

அன்று மாலை ஐஸ்கிரீம் கொடுத்தோம். "மெதுவா சாப்பிடு, சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரியில சேர்க்கணும்..." என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஜெனி கையைத் தூக்கினாள். அப்பாவும் தூக்கினார். எங்கள் வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. கை உயர்ந்தால் நான் நிறுத்தியாக வேண்டும்.

போன மாதம் ஜெனி வேலைக்காகப் பெங்களூர் கிளம்பினாள். பெட்டி பத்திரம், தண்ணீர் பத்திரம், தெரியாதவர்களிடம் பேசாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரயில் ஜன்னலில் கை உயர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எங்களுக்கு டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து, அவரும் கையைத் தூக்கி ஆட்டினார்.