மூணு இடத்துல குத்திப் பார்த்து வாங்கின பாட்டு புத்தகம்

எனக்குப் பாட்டும் தெரியாது, புத்தகமும் தெரியாது. ஆறாவதோட நின்னவன். அப்படிப்பட்டவனைப் பாட்டு புத்தகம் வாங்கியாரச் சொன்னா தப்பு சொன்னவங்க மேலயா, போனவன் மேலயா? எங்க வீட்ல தீர்ப்பு எப்பவோ ஆயிடுச்சு. போனவன் மேலதான்.

எனக்குத் தெரிஞ்சது மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. விழுப்புரத்துல ஒரு மண்டியில எடை போடறேன். குடியிருக்கிறது திண்டிவனம். காலையில ரயில்ல போவேன், சாயங்காலம் பஸ்ல வருவேன். மூட்டை வந்தா குத்தூசியை எடுத்து மூணு இடத்துல குத்துவேன். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடியில ஒண்ணு. ஊசி குழா மாதிரி இருக்கும். குத்தி இழுத்தா உள்ள இருக்கிற பருப்பு கைக்கு வரும். மூணும் நல்லா இருந்தா மூட்டை நல்ல மூட்டை. தனியா உதிர்றது தூசு, தொலி. அதைத் தள்ளிட்டுத்தான் எடை. இதுவரைக்கும் எந்த மூட்டையும் என்னை ஏமாத்துனதில்ல. (மனுஷங்க ஏமாத்தியிருக்காங்க. அவங்களைக் குத்திப் பாக்க முடியாது.)

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் அதிகம் பேச மாட்டேன். "ஆமா", "இல்ல", "பாக்கலாம்". மூணுலயே என் பொழப்பு ஓடிடும்.

எங்க சர்ச்சை நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். அந்த ஹால்ல ஒரு பழைய பியானோ இருக்குது. எந்தக் காலத்துல வந்துச்சோ தெரியாது. ரெண்டு கட்டை அழுத்தினா சத்தம் வராது. எஸ்தர் மிஸ் அதுல ஏழு பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை சொல்லித் தருவாங்க. அதுல ஒண்ணு என் மகள் பிரிசில்லா. நாங்க பிரிசின்னு கூப்பிடுவோம். அப்ப அதுக்கு ஒம்பது வயசு. எல்லாப் பிள்ளைங்களும் புதுசு. ஒரு வருஷம் கூட ஆகல.

அந்த வருஷம் கோயில் செயலாளர் ஞானமுத்து சார் ஒரு குண்டைப் போட்டார். "நாற்காலி போட இடமில்லப்பா. இந்தப் பொட்டி இருபது பேர் இடத்தை அடைச்சுக்கினு நிக்குது. அறுப்பின் பண்டிகை ஏலத்துல இதையும் சேத்துடலாம்."

அறுப்பின் பண்டிகைன்னா, ஜனங்க நெல்லு, கரும்பு, பூசணிக்காய், கோழின்னு கொண்டாந்து படைப்பாங்க. ஆராதனை முடிஞ்சதும் எல்லாத்தையும் ஏலம் விடுவாங்க. அந்தப் பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவுல பியானோவையும் நிறுத்திடலாம்னு அவர் கணக்கு.

எஸ்தர் மிஸ் விடல. "பிள்ளைங்க அன்னைக்கு வாசிக்கட்டும் சார். கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

"சரி. கேக்கற மாதிரி இருந்தா இருக்கட்டும். இல்லன்னா ஏலம்."

பிரிசி அன்னைக்கு ராத்திரி சோறு சாப்பிடல.

எஸ்தர் மிஸ்ஸுக்கு அப்ப ஒம்பதாம் மாசம். அம்மா வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டாங்க.

"அண்ணா, பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகம் சலிச்சுப் போச்சு. கூட ஒரு பாட்டு புத்தகம் வேணும். தெரிஞ்ச பாட்டா இருந்தா ஆசையா உக்காருவாங்க. நீங்க தினம் விழுப்புரம் போறவரு. எனக்கு பஸ்ல ஏறக் கூடாதுன்னுட்டாங்க."

"போன்ல ஆர்டர் போட்டா வருமே மிஸ்."

"போன்ல அட்டைதான் தெரியும். உள்ள புரட்டிப் பாத்து வாங்கணும் அண்ணா. நீங்க எதையும் பாத்து வாங்கறவரு."

அந்தக் கடைசி வார்த்தையில விழுந்தேன். சீட்டு எழுதிக் குடுத்தாங்க. எழுத்து பெருசா இருக்கணும். சுரப் புள்ளி கம்மியா இருக்கணும். கையை நகத்தாம வாசிக்கிற மாதிரி இருக்கணும். கீழ இங்கிலீஷ்ல ஏழு பாட்டு பேரு. எல்லாம் நம்ம கோயில்ல தமிழ்ல பாடற மெட்டு. இதுல அஞ்சு பாட்டாவது இருக்கணும்.

விழுப்புரத்துல ஆர்மோனியம் ரிப்பேர் பண்ற கடை ஒண்ணு உண்டு. அங்க போனேன். கடைக்காரர் மூணு புத்தகம் எடுத்துப் போட்டார்.

முதல் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் யானை, முயல். கலர் கலரா இருந்துச்சு. சீட்டுல இருக்கிற பாட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. தள்ளிட்டேன்.

ரெண்டாவது தடி புத்தகம். திறந்தேன். வெல்லத்துல எறும்பு மொய்ச்ச மாதிரி புள்ளி. தள்ளிட்டேன்.

மூணாவது புத்தகம். மேல ஒரு குத்து குத்தினேன், விரலால. புள்ளி கம்மி. நடுவுல குத்தினேன். புள்ளி கம்மி. அடியில குத்தினேன். அதே தரம். மூணு இடத்துலயும் ஒரே சீரா இருந்துச்சு. மண்டியில இப்படி ஒரு மூட்டை வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே அதிசயம். சீட்டைக் குடுத்துப் பாக்கச் சொன்னேன். ஏழு பாட்டும் இருக்குதுன்னார்.

"பியானோவுக்குத்தானா?"

"அட்டையில போட்டிருக்குதே. பியானோ."

எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். போட்டிருந்துச்சு. பக்கத்துல ஒரு பிடில் படமும் போட்டிருந்துச்சு. ஒரு நிமிஷம் யோசிச்சேன். மல்லாட்டை வர்ற சாக்குல கிளி படம் போட்டிருப்பான். உள்ள கிளியா இருக்குது?

"ஏழு வேணும்."

"சரியா ஏழுதான் இருக்குது. யாரோ வரவழைச்சுட்டு வாங்காம போய்ட்டாங்க."

(ஏன் வாங்காம போனாங்கன்னு கேட்டிருக்கலாம். அது நாலாவது வார்த்தை. எனக்கு வராது.)

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரிச்சேன். ஒரு புத்தகத்தைத் தூக்கி உதறினேன். பழக்கம். உள்ளேருந்து மெல்லிசா இன்னொரு புத்தகம் நழுவி விழுந்துச்சு. நாலே தாள். அட்டை கூட இல்ல. ஏழு புத்தகத்துலயும் ஒவ்வொண்ணு. விளம்பரமா இருக்கும்னு நெனச்சேன். உதிர்ந்தது தூசு. எடுத்து ஓரமா வெச்சேன்.

என் சம்சாரம் ராணி தொட்டுப் பாத்துச்சு. "நல்ல தடி பேப்பரா இருக்குதே. இது எனக்கு."

ராத்திரி எஸ்தர் மிஸ் போன் பண்ணாங்க.

"கெடச்சுதாண்ணா?"

"கெடச்சுது."

"எப்படி இருக்குது?"

"நல்ல சரக்கு மிஸ்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அட்டையில பிடில் படம் இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். சொல்லல. மறுவாரம் அவங்களுக்கு ஆண் குழந்தை பொறந்துச்சு. அப்புறம் யாருக்குப் பாட்டு ஞாபகம்.

பிள்ளைங்க தானா வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஆளுக்கொரு பாட்டு. ஹால் சாவி பிரிசிகிட்ட. வீட்ல ஒரு சின்ன கீபோர்டு வேற. இடது கை ஒண்ணு போடும், வலது கை ரெண்டு போடும். தும் சக் சக். தும் சக் சக். காலையில அது, சாயங்காலம் அது.

"இன்னாங்க இது," ராணி சொல்லுச்சு. "பக்கத்து வீட்டுத் தையல் மிஷினும் இப்படித்தான் ஓடுது. அதுக்கு நாம புத்தகம் வாங்கிக் குடுக்கலயே."

பத்து நாள் கழிச்சு பிரிசி வந்துச்சு. "அப்பா, பாட்டு வரலப்பா."

"வாசி. வரும்."

"எல்லாம் கரெக்டாத்தான் வாசிக்கிறேன். ஆனா பாட்டு வரல."

"வேகமா வாசி."

வேகமா வாசிச்சுது. தையல் மிஷின் வேகமா ஓடுச்சு.

பண்டிகை வந்துச்சு. ஹால் முழுக்க ஜனம். மேடை ஓரமா கரும்புக்கட்டு, வாழைத்தார், காலைக் கட்டின சேவல் ரெண்டு. பியானோ பக்கத்துல மரச்சாமான் கடைக்காரர் ஒருத்தர் நின்னுக்கினு பலகையைத் தட்டித் தட்டிப் பாத்துக்கினு இருந்தார். ஞானமுத்து சார் வரச் சொல்லியிருக்கார். கடைசி பெஞ்சுல எஸ்தர் மிஸ், துண்டுல சுத்தின குழந்தையோட. அம்மா வீட்ல விட மாட்டேன்னாங்களாம். சண்டை போட்டுக்கினு வந்துட்டாங்க.

முதல் பையன் உக்காந்தான். தும் சக் சக். ரெண்டு நிமிஷம். எழுந்து கும்பிட்டான். ஜனம் கை தட்டல. இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சுட்டாங்க.

ரெண்டாவது பொண்ணு. தும் சக் சக்.

மூணாவது. தும் சக் சக்.

எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவர் பக்கத்தில இருந்தவரைக் கேட்டார். "ஏம்பா, எல்லாப் பிள்ளையும் ஒரே பாட்டையா வாசிக்குது?"

"இது பாட்டு இல்லண்ணே. பொட்டி ஒழுங்கா இருக்குதான்னு தட்டிப் பாக்குறாங்க. பாட்டு இனிமேதான்."

நாலாவது பையன் வாசிக்கும்போது சேவல் ஒண்ணு கூவுச்சு. அன்னைக்கு அதுவரைக்கும் அந்த ஹால்ல ராகமா வந்தது அது ஒண்ணுதான். அதுக்குக் கை தட்டினாங்க.

ஞானமுத்து சார் எழுந்தார். "போதும்பா. கேட்டாச்சு. ஏலத்தை ஆரம்பிக்கலாம்."

அடுத்து பிரிசி. பியானோகிட்ட போய் நின்னுக்கினு இருந்துச்சு. என்னைப் பாத்துச்சு. உதடு நடுங்குச்சு.

அப்பத்தான் பின்னாடி சிரிப்புச் சத்தம். எஸ்தர் மிஸ். குழந்தையைத் தோள்ல போட்டுக்கினு, கண்ணுல தண்ணி வர சிரிச்சுக்கினே முன்னாடி வந்தாங்க. பியானோ மேல இருந்த புத்தகத்தை எடுத்து அட்டையைப் பாத்தாங்க.

"அண்ணா, இது பிடில் வாசிக்கிறவருக்குப் பின்பாட்டு. பாட்டு பிடில்காரர் கையில இருக்கும். பியானோ சும்மா கூடவே தும் சக் சக்னு போகும்."

அட்டையைத் திறந்து உள்ள தேடினாங்க.

"உள்ள மெல்லிசா ஒரு புத்தகம் இருந்திருக்குமே? அதுலதான் பாட்டு. அது எங்க?"

நான் ராணியைப் பார்த்தேன். ஹால் முழுக்க ராணியைப் பாத்துச்சு.

"மொளகாத்தூள் டப்பாவுக்கு அடியில இருக்குது மிஸ்," ராணி சத்தமா சொல்லுச்சு. "மீதி புளி டப்பாவுக்கு அடியில. நானா எடுத்தேன்? இவருதான் உதறிக் குடுத்தாரு!"

சிரிப்பு அடங்க நேரமாச்சு. மரச்சாமான்காரர் பலகை மேல சாஞ்சு நின்னுக்கினு சிரிச்சார்.

"சரிண்ணா," எஸ்தர் மிஸ் சொன்னாங்க. "பாட்டை வெளிய எடுத்தது நீங்க. நீங்களே போடுங்க. பிரிசி வாசிக்கட்டும், நீங்க பாடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மெட்டுதான்."

"நானா?"

"நீங்கதான். ஜல்திண்ணா, குழந்தை எழுந்துடும்."

நான் கோயில்ல வாயசைக்கிறவன். சத்தம் வராது. பக்கத்துல நிக்கிறவர் பாட்டுல ஒட்டிக்குவேன். ஆனா பிரிசி உக்காந்துடுச்சு. தும் சக் சக் போட்டுக்கினே திரும்பி என்னைப் பாத்துச்சு. "அப்பா, ஆரம்பி."

எனக்குத் தெரிஞ்ச சத்தம் ஒண்ணுதான். எடை கூவற சத்தம். தராசு முன்னாடி நின்னுக்கினு தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி மூட்டை எண்ணற சத்தம். அந்தச் சத்தத்துல எடுத்தேன். முதல் வரியில சேவல் ரெண்டும் பயந்து கரும்புக்கட்டு மேல ஏறிடுச்சு. எஸ்தர் மிஸ் குழந்தை எழுந்து அழுதுச்சு. சுதியா, அது எங்கியோ செஞ்சிக்குப் போய்டுச்சு. ஆனா தும் சக் சக் மட்டும் அசையல. நான் எங்க ஓடினாலும் என் பொண்ணு விரலு வந்து பிடிச்சுது.

ரெண்டாவது வரியில ஜனம் பாட ஆரம்பிச்சாங்க. பக்தியில இல்ல. என் சத்தத்தை எப்படியாவது அமுக்கணும்னு. மூணாவது வரியில எல்லாரும். ஹால் கூரைத் தகடு அதிர்ந்துச்சு. பாட்டு முடிஞ்சதும் நிறுத்த விடல. மத்த ஆறு பிள்ளைங்களையும் ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு ஏழு பாட்டும் பாடினாங்க. முன்னாடி உக்காந்திருந்தவர் திரும்பி, "பாத்தீங்களா, வேற வேற பாட்டுதான்," அப்படின்னார், ஏதோ அவரே கண்டுபிடிச்ச மாதிரி.

ஞானமுத்து சார் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார். "இந்தக் கோயில்ல ஜனம் வாயைத் திறந்து பாடி நான் பாத்ததில்ல," அப்படின்னார். அப்புறம் மரச்சாமான்காரரைப் பாத்து, "நீங்க வேணும்னா அந்த வாழைத்தாரை எடுத்துக்குங்க."

அவர் எடுத்துக்கினார். பியானோ இருக்குது. பிள்ளைங்க முறை வெச்சு ஞாயித்துக்கிழமை வாசிக்கிறாங்க, ஜனம் பாடறாங்க. இருபது பேர் நிக்கிறாங்க. யாரும் நாற்காலி கேக்கல. வேற பாட்டு புத்தகம் எஸ்தர் மிஸ் தானே போய் வாங்கியாந்தாங்க. பாட்டு உள்ளயே இருக்கிற புத்தகம்.

மெல்லிசு புத்தகத்துல அஞ்சு தேறுச்சு. ரெண்டுல மொளகாத்தூள் ஏறிடுச்சு. பிரிசி அதுல ஒண்ணை வெச்சு வாசிச்சா தும்மும்.

இப்ப அதுக்குப் பதிமூணு வயசு. வீட்ல நான் "ஆமா", "இல்ல"ன்னு சொன்னா ராணி உடனே, "தும் சக் சக் வந்துடுச்சு. பாட்டு எப்ப வரும்?" அப்படிங்கும். சொந்தக்காரங்க வந்தாலும் சொல்லும். பக்கத்து வீட்ல தையல் மிஷின் ஓட்டறவங்க கூட சொல்றாங்க.

இதை எழுதி முடிச்சுப் பிரிசிகிட்டதான் முதல்ல குடுத்தேன். படிச்சுது. தாளு எல்லாத்தையும் சேத்துப் பிடிச்சு, தலைகீழாக் கவுத்து ஒரு உதறு உதறுச்சு.

"இன்னாம்மா பண்ற?"

"பாட்டை உள்ள வெச்சிருக்கியா, இதுலேருந்தும் எடுத்துட்டியான்னு பாக்கறேன்பா."