அரைத் திரை

திரையில் மவுஸ் அம்புக்குறியைக் காணவில்லை.

டீம் லீடர் லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், லேசாக ஊதியும் பார்த்தார். புத்தம்புது மெஷின். அலுவலகத்தில் வந்திறங்கிய அன்றே, மேலே ஒட்டியிருந்த சீட்டைக்கூடப் பார்க்காமல் டர்ரென்று கிழித்து அவரே ஆசையாசையாகப் பிரித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பதினோரு மணிக்கு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். மருத்துவமனைக்கான டோக்கன் மென்பொருளை ஓட்டிக் காட்ட வேண்டும். சொதப்பினால் லீடர் நாற்காலி வேறு ஆளுக்கு என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இப்போது மணி ஒன்பதரை.

பத்து நிமிடம் முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவர்தான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

கடைசி வரிசையில் உட்காரும் பெண்ணுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஒரு வாரம் உருட்டுகிற வேலையை ஒரே நாளில் முடித்துவிடுவாள். இரண்டே எழுத்து தட்டுவாள். வேண்டிய கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும், சோதனைகள் தாமாக ஓடும், தவறு எந்த வரியில் என்று சிவப்பில் தெரியும். எல்லாம் அவளே எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு, ஸ்கிரிப்ட். அவள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். நேர்முகத் தேர்வில் அவளுடைய இங்கிலீஷைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். லீடரும் அதில் ஒருவர். இப்போது அந்த நாலு பேரும் சந்தேகம் கேட்க அவளிடம்தான் போகிறார்கள்.

அன்று காலை லீடரே போய் நின்றார்.

"உன் செட்டப் ஸ்கிரிப்ட் மொத்தத்தையும் எனக்குக் குடும்மா."

"அது என் மெஷினுக்குன்னு எழுதினது சார். உங்களுக்கு ஒத்துவராது."

"ஏன், எங்க மெஷினெல்லாம் மெஷின் இல்லையா? வித்தைய ஒளிச்சு வைக்காதம்மா."

"ஒளிக்கல சார். எது எதுக்குன்னு சொல்றேன், கேட்டுட்டுப் போடுங்க."

"எனக்கேவா? பதினாறு வருஷமா இதே பொழப்பும்மா!"

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஸ்கிரிப்டை அனுப்பிவைத்தாள்.

தன் மெஷினில் அதை ஓட்டியதும் எல்லா விண்டோக்களும் திரையின் இடது பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வலது பாதி கன்னங்கரேலென்று கிடந்தது. லீடருக்குப் புல்லரித்தது. அவள் திரையிலும் வலப்பக்கம் கறுப்பாக இருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறார்! கண் அலைபாயக் கூடாது, அதுதான் சூட்சுமம். அம்புக்குறி போன காரணமும் விளங்கிவிட்டது. கை விசைப்பலகையை விட்டு நகரவே கூடாது.

ஆங்கில 'ஏ' விசையை அழுத்தினால் ஒன்றுமே விழவில்லை. அந்த எழுத்து அரைப்புள்ளி விசைக்குக் குடிபோயிருந்தது.

"சுண்டுவிரலுக்கும் வேலை குடுக்குறா! எங்கிருந்துதான் யோசிக்கிறாளோ!"

ஆனால் டோக்கன் பலகையைக் காட்ட அகலம் வேண்டுமே. விண்டோவை நீட்டினார். ஸ்கிரிப்ட் அதை இழுத்து இடப்பக்கமே தள்ளியது. சரி, ஸ்கிரிப்டையே அழித்துவிடலாம் என்று கட்டளை தட்டினார். பழக்க தோஷத்தில் பழைய விசையையே தட்ட, ஒரு 'ஏ' விழாமல் கோப்பின் பெயர் மாறிப்போனது. ஸ்கிரிப்ட் அப்படியே இருந்தது. டோக்கன் மென்பொருள் அழிந்தது.

வியர்க்க வியர்க்க அதை மறுபடி இறக்கினார். பாதி இறங்கும்போது, 'இரண்டு நிமிடம் ஓய்வு' என்று காட்டிவிட்டு மெஷின் கண்ணை மூடிக்கொண்டது. ஆத்திரத்தில் அணைத்துப் போட்டார். கடவுச்சொல்லில் இரண்டு 'ஏ'. அரைப்புள்ளி ஞாபகத்துக்கு வருவதற்குள் மூன்று வாய்ப்பும் தீர்ந்து, மெஷின் பூட்டிக்கொண்டது.

மணி பத்து ஐம்பத்தைந்து.

"அம்மாடி மின்னல்! காப்பாத்தும்மா!"

அவள் எழுந்து வந்தாள். தன் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் செருகி இரண்டு எழுத்து தட்டினாள். சுவரின் இடது பாதியில் டோக்கன்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. பத்தொன்பதாவது நிமிடம், "கேள்வி இருந்தா இப்ப கேளுங்க" என்று நிறுத்தினாள். மெஷின் தூங்கி எழுவதற்கும் அவள் பதில் முடிவதற்கும் சரியாக இருந்தது.

"நடுவுல நிறுத்தி நம்மளைப் பேச விடுறாங்க பாருங்க, இதுதாங்க தொழில்!" என்றார் வாடிக்கையாளர். லீடரின் நாற்காலி தப்பியது.

மதியம் பூட்டைத் திறக்க மெஷின் பழுதுபார்ப்பவர் வந்தார். லீடர் இன்னும் பிரமிப்பிலிருந்து இறங்கவில்லை.

"அரைத் திரை. அசையாத கை. இருபது நிமிஷத்துக்கு ஒரு ஓய்வு. என்ன மூளைய்யா அந்தப் பொண்ணுக்கு! டீம் முழுக்க இதையே போடச் சொல்லப்போறேன்."

"மூளைதான் சார், சந்தேகமே இல்ல. அவங்க லேப்டாப்ல வலது பாதி திரை செத்துப்போச்சு. ஃபேன் சுத்தாது, இருபது நிமிஷத்துல கொதிச்சிரும். 'ஏ' தானா அடிச்சுக்கும், அம்பு தானா ஓடும். அதையெல்லாம் கட்டிப்போடத்தான் ஸ்கிரிப்ட். எட்டு மாசமா அந்தப் பொணத்த வச்சுக்கிட்டுத்தான் உங்க எல்லாரையும் முந்துறாங்க."

லீடர் உச்சுக்கொட்டினார். "அடப்பாவமே! வாயத் திறந்து புதுசு ஒண்ணு கேக்கவேண்டியதுதானே?"

பழுதுபார்ப்பவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"கேட்டாங்க, வந்துச்சு சார். பெட்டி மேல அவங்க பேரைப் பெரிசா எழுதி ஒட்டியிருந்தேனே, பிரிக்கும்போது பார்க்கலையா?"