உன் மரணம் குறித்து அம்மா எழுதுவது

ஒருகாலத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட மகனுக்கு,

ஐந்து படங்களில் உனக்கு அம்மாவாக இருந்தவள் எழுதிக்கொள்வது. நான் நலம். வீடும் நலம். மூன்றாவது படத்தில் நீ எதிரிகளைத் துரத்தி உடைத்த மாடிப்படிக் கைப்பிடி மட்டும் இன்னும் நலமில்லை. அடுத்து உன் நலத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் போன வியாழக்கிழமை காலை, என் வீட்டு முன்னறையில், நல்ல வெளிச்சத்தில் நீ காலமாகிவிட்டாய். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். இந்தச் செய்தி பத்திரிகை மூலம் உனக்குத் தெரிவதைவிட அம்மா மூலம் தெரிவதுதான் மரியாதை. நீ நம் படங்களிலிருந்து விலகிய செய்தி எனக்குப் பத்திரிகை மூலம்தான் தெரிந்தது. நான் அப்படி வளர்க்கப்படவில்லை.

மேலே போகுமுன் ஒரு திருத்தம். போன மாதப் பேட்டியில், "அந்த அம்மா வாய்ப்புக் கேட்டு வந்தார்" என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் யாரிடமும் எதுவும் கேட்டு வந்ததில்லை. என் வீட்டை ஒருநாள் படப்பிடிப்புக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். அம்மாவாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். விளக்குப் போடுகிறவர்கள் என் மேஜையைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டு, தூக்கி வைக்கச் சொல்லத்தான் முன்னறைக்கு வந்தேன். அங்கே நாட்டைக் காப்பாற்றக் கிளம்பும் உளவாளி என்று நீ நின்றுகொண்டிருந்தாய். பத்து விரலிலும் மோட்டார் சைக்கிள் கறுப்பு. கான்வென்டில் எங்களை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, நகம் பார்த்த பிறகுதான் வகுப்புக்குள் விடுவார்கள். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. "இந்தக் கையோட எங்க போற? உக்காரு" என்றேன். நீயும் உட்கார்ந்தாய். நகவெட்டியை எடுத்து வெட்டினேன், திட்டினேன், "போயிட்டு சீக்கிரம் வா" என்று அனுப்பினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது எல்லோரும் கைதட்டியபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும், வில்லனின் கோட்டைக்குப் போகுமுன் நீ என்னிடம் வந்து நகம் வெட்டிக்கொண்டாய். திரையரங்கில் துப்பாக்கிச் சண்டைக்கு விழாத விசில் நகவெட்டிக்கு விழுந்தது. இதில் யார் யாரிடம் வாய்ப்புக் கேட்டது என்று அடுத்த பேட்டியில் தெளிவாகச் சொல்லவும்.

நீ ஆழமான பாத்திரங்களைத் தேடிப் போய்விட்டாயாம். அந்த ஆழமான படத்தைப் பார்த்தேன். இடைவேளை வரை ஆற்றைப் பார்த்தாய். இடைவேளைக்குப் பிறகு ஆறு உன்னைப் பார்த்தது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டார், நான் தூங்கவில்லை. திரை முழுக்க உன் கை பெரிதாகத் தெரிந்தபோது நகம் வளர்ந்திருந்தது. கேட்க ஆளில்லை என்று புரிந்துகொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு நம் இயக்குநர், அதாவது நீ 'அவசரம்' என்று பெயர் வைத்தவர், ஆறாவது படத்தை எடுத்தே தீருவது என்று வேறொருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதே உளவாளி, அதே கோட்டு, அதே கறுப்புக் கண்ணாடி, ஆள் மட்டும் வேறு. "அம்மா, நீங்க எப்பவும் போல நகத்தை வெட்டுங்க, அவ்வளவுதான்" என்றார். நான் கேட்டேன், "முகம் வேறயா இருக்கே, நான் ஒண்ணும் கேட்க மாட்டேனா?" அவர் சொன்னார், "ஜனங்க ஏத்துப்பாங்கம்மா." "ஜனங்களா பெத்தாங்க?" என்றேன். போய்விட்டு மறுநாள் வந்தார். குண்டு வெடித்ததில் முகம் சிதைந்து, மருத்துவர்கள் புது முகம் வைத்துவிட்டார்கள் என்று கதையை மாற்றியிருந்தார். "சரி, புதியவன் ஒரு சாண் அதிக உயரமா இருக்கானே, காலையும் மாத்திட்டாங்களா?" என்றேன். அதற்கும் மறுநாள், இடைவேளை வரை என்னைக் கண் தெரியாதவளாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். கண் தெரியாதவள் கையில் நகவெட்டியைக் கொடுத்தால் உங்கள் கதாநாயகனுக்கு எத்தனை விரல் மிஞ்சும் என்று கேட்டேன். அவர் தலையில் கைவைத்து மாடிப்படியில் உட்கார்ந்து, உடைந்த கைப்பிடியில் சாய்ந்து, கீழே விழுந்தார். பெரிய அடி இல்லை.

பாவம் என்று நான்தான் வழி சொன்னேன். எங்கள் கான்வென்டில் நான் படித்த காலத்தில் மதர் சுப்பீரியர், அதாவது தலைமைக் கன்னியாஸ்திரி, மூன்று பேர் மாறினார்கள். ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி, ஒருவருக்குக் காது கேட்காது. ஆனால் நாங்கள் எல்லோரையும் 'மதர்' என்றுதான் கூப்பிட்டோம். நாற்காலி அதேதான், மணி அதேதான், வாங்கிய திட்டும் அதேதான். பெயர் ஆளுக்கு இல்லை, வேலைக்கு. "இவனும் அப்படி இருந்துட்டுப் போகட்டும். இவன் என் ரெண்டாவது மகன், அண்ணன் பார்த்த வேலைக்கு வந்திருக்கான்" என்றேன். அவசரம் எழுந்து குதித்தார். குதித்தவர் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப அண்ணன் செத்துட்டான்னு வெச்சுக்குவோம்!" என்றார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நான் அழ மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டேன். அந்த வாரம் முழுக்கப் படப்பிடிப்பு இல்லை.

அந்த வாரத்தில் நீ ஒரு போன் செய்திருந்தால், "அம்மா, என்னைக் கொல்லாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. செய்யவில்லை. ஆறு ஏதாவது சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

புதியவனைப் பற்றிச் சொல்கிறேன், பொறாமைப்படாதே. நடிப்பதா வேண்டாமா என்று நான் முடிவு சொல்லாதபோதே அவன் ஒத்திகைக்கென்று ஒருநாள் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். எனக்கு வேலையே இல்லை! அழகு நிலையத்தில் பளபளவென்று தேய்த்து, மெருகுகூடப் போட்டிருந்தான். "தம்பி, நீ நாட்டைக் காப்பாத்தப் போறியா, மோதிர விளம்பரத்துக்குப் போறியா?" என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. மேக்கப் போடுகிறவர் ஓடிவந்து நகத்தில் கறுப்பு மையைத் தடவினார். கான்வென்டில் படித்தவளிடம் போய் மை என்றால் என்ன என்று காட்டுகிறார். "இது அழுக்கில்ல, மை. அழுக்கு நகத்துக்கு உள்ள இருக்கும், மேல இருக்காது" என்றேன். பிறகு காபித்தூளைக் குழைத்துக்கொண்டு வந்தார். கை மணமாக இருந்ததே தவிர, திட்ட வாய் வரவில்லை. திட்டு என்பது உள்ளேயிருந்து வர வேண்டும், அதற்கு ஒத்திகை கிடையாது. அன்றைக்கு அவன் போகும்போது வாசலில் நின்று, "அண்ணன் மாதிரி எனக்கு வராதும்மா, நான் விலகிக்கிறேன்" என்றான். அந்த 'அண்ணன்' என்ற வார்த்தையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. குறித்துக்கொள்.

விலகப் போகிறவன் ஒழுங்காக வாசல் வழியாகப் போயிருக்கலாம். என் கொல்லைச் சுவரில் ஏறிக் குதித்து ஓடும் காட்சி ஒன்று இருக்கிறது இல்லையா, போவதற்குமுன் அதையாவது ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. நீ அந்தச் சுவரில் ஒருநாளும் ஏறியதில்லை, உனக்குப் பதில் ஏற ஆள் வைத்திருந்தாய். இவன் தானே ஏறினான். ஏறியவன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தான், குழாய் கழன்றது, கழன்ற குழாயோடு என் செடிப் பாத்தியில் விழுந்தான், மேலேயிருந்து தண்ணீர் கொட்டியது, அவன் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி வழுக்கினான். நான் ஓடிப் போய்ப் பார்த்தால், முழங்கை வரை சேறு, பத்து நகத்திலும் சேறு, ஒரு நகம் பாதியில் உடைந்து தொங்குகிறது, அந்த நிலையிலும் ஒரு கையால் என் ரோஜாச் செடியை முறியாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்தது பார் கோபம்! "தடியா! ஏறத் தெரியாதவன் எதுக்குடா ஏறின? கையைப் பாரு, மனுஷன் கையா இது! உக்காருடா இங்க!" என்று கொல்லைப் படியிலேயே உட்கார வைத்து, கழுவி, வெட்டி, மருந்து போட்டு, முதுகில் ஒன்று வைத்தேன். 'தடியா' என்று உன்னை மட்டும்தான் கூப்பிடுவேன் என்பது வாயிலிருந்து வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவசரம் கேமராவோடு நிற்கிறார், அழுதுகொண்டே. அந்த மனிதரை எங்கும் தனியாக விடக்கூடாது.

ஆக எனக்கு இரண்டாவது மகன் பிறந்துவிட்டான். குழாயை மறுநாள் அவனே வந்து சரிசெய்து கொடுத்தான். மாடிப்படிக் கைப்பிடியையும் அளந்துகொண்டு போயிருக்கிறான். அது யார் உடைத்தது என்று நானாகச் சொல்லவில்லை, அவனே கேட்டான், சொன்னேன்.

இரண்டாமவன் வேலைக்கு வர வேண்டுமென்றால் மூத்தவன் போயாக வேண்டும் என்று அவசரம் சொன்னபோது இந்த முறை எனக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. விளக்குப் போடுகிறவர்கள் முதல் வண்டி ஓட்டுகிறவர்கள் வரை ஒரு வாரமாக வேலையில்லாமல் என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீயும் போன் செய்யவில்லை. சரி என்றேன். முன்னறைச் சுவரில் உன் படத்தை மாட்டினார்கள். இரண்டாவது படத்தில் எடுத்தது, துப்பாக்கியை முகத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பாயே, அது. நான் எதிரில் உட்கார்ந்து, "இனிமே இந்த வீட்டுக்கு ஒரே மகன்தான்" என்று சொல்ல வேண்டும். ஒரே தடவையில் சொன்னேன். கண்ணீருக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டவரை ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கிக்கொண்டார். மேக்கப்காரர் அழுதார், புதியவன் அழுதான். அவசரம் வழக்கம்போல. வசனம் முடிந்ததும் எழுந்து, சட்டத்தின் மேல் இருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். இவ்வளவு நல்ல சாவு இந்த ஐந்து படங்களில் எந்த வில்லனுக்கும் கிடைக்கவில்லை. நீ பெருமைப்படலாம்.

ஆகவே மகனே, எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை. வீட்டில் மறுபடி ஆள் நடமாட்டம் இருக்கிறது, திட்டுவதற்கு ஒருவன் இருக்கிறான், கேட்டுக்கொள்ளவும் செய்கிறான். என் கணவர் இருந்திருந்தால் "உனக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டிருப்பார். ஒன்றும் வேண்டாம். உன்னிடம் ஒரே வேண்டுகோள்தான். இறந்துபோனவர்கள் திரும்பி வந்து நிற்பது நாகரிகமில்லை. புதிய படம் ஓடுகிறதே என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வராதே, போனும் செய்யாதே. நான் எடுக்க மாட்டேன். என் முடிவு முடிவுதான் என்பது உனக்கே தெரியும்.

உன் ஆற்றில் தண்ணீர் வற்றாதிருக்கட்டும். உன் ஆழம் மேலும் ஆழமாகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே, நிற்கச் சொல்கிற இயக்குநரிடம் நான் கேட்டதாகச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
முன்னாள் அம்மா

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது அவசரம் ஓடிவந்தார். படத்தொகுப்பு அறைக்கு வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சாவுக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். வசனம் சொல்கிறேன், எழுகிறேன், தூசி துடைக்கிறேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. சுவரில் மாட்டிய படத்தில் துப்பாக்கி பிடித்திருக்கும் உன் விரலைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "போயிட்டு சீக்கிரம் வா. வரும்போது இந்த நகத்தோட வராதே" என்று சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்கு நினைவே இல்லை. மறுபடி போடச் சொன்னேன். என் குரல்தான். "செத்தவன்கிட்ட எந்த அம்மா சீக்கிரம் வான்னு சொல்லுவா? அம்மாவுக்குத் தெரியும்! அவன் சாகல!" என்று அவசரம் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார். புதியவன் என் பக்கம் திரும்பி, "அண்ணன் வந்தா நல்லா இருக்கும்மா" என்றான். ஆகவே நீ உயிரோடு இருக்கிறாய், வாழ்த்துகள். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடைசிக் காட்சியில் கதவு திறக்கும், நீ வாசலில் நிற்பாய். வசனம் கிடையாது, எவ்வளவு ஆழமாக வேண்டுமானாலும் நிற்கலாம். திங்கட்கிழமை காலை நீ வருவதாக உன் சார்பில் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். கைப்பிடியில் சாயாதே, புதியவன் இப்போதுதான் ஒட்டியிருக்கிறான், பசை காயவில்லை. நகத்தை வெட்டிக்கொண்டு வந்து காரியத்தைக் கெடுத்துவிடாதே.